கண்ணில் புள்ளிகளும் காதில் இரைச்சலும் சேர்ந்து வந்தால் செய்யக்கூடாதவை

பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் ஒளிபரப்பு நின்றதும் திரை முழுவதும் கறுப்பும் வெள்ளையுமாகப் புள்ளிகள் துடிக்கும். கூடவே ‘உஸ்’ என்ற இரைச்சலும் எழும். நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கு இது நினைவிருக்கும். அப்போது படத்துக்கு ஒரு மெக்கானிக், ஒலிக்கு வேறொரு மெக்கானிக் என்று யாரும் ஆள் அனுப்பியதில்லை. மாடிக்கு ஏறி ஆன்டெனாவைத்தான் திருப்பிப் பார்த்தோம். அதே புள்ளிகள் கண்முன்னும் அதே இரைச்சல் காதுக்குள்ளும் ஓயாமல் நீடித்தால் மட்டும், கண்ணுக்குக் கண்ணாடிக் கடைக்கும் காதுக்கு மருந்துக் கடைக்குமாகத் தனித்தனியே அலைகிறோம். தருமபுரியில் பல ஆண்டுகளாக இவ்விரண்டோடும் வாழ்ந்துவரும் நான் செய்த முதல் தவறும் அதுதான். நான் மருத்துவன் அல்லன். ஆனால் எந்தத் தவறுக்கு என்ன விலை என்பதை ஓரளவு அறிந்தவன்.

பார்வைப் பரப்பு முழுவதும் நுண்ணிய புள்ளிகள் மூன்று மாதங்களுக்கு மேல் விடாமல் துடித்துக்கொண்டிருப்பதை மருத்துவர்கள் ‘விஷுவல் ஸ்னோ’ என்கிறார்கள். பார்த்த பொருளை விட்டுக் கண்ணை எடுத்த பின்னும் அதன் உருவம் நிற்பது, வெளிச்சத்தில் அளவுக்கு மீறிக் கண் கூசுவது, இரவில் பார்வை மங்குவது, கண்ணுக்குள் பூச்சி பறப்பது போன்ற தோற்றங்கள் மிகுவது ஆகியவற்றுள் இரண்டேனும் சேர்ந்திருந்து, கண் பரிசோதனையில் வேறு காரணம் எதுவும் தென்படாதபோது, அதை ‘விஷுவல் ஸ்னோ சிண்ட்ரோம்’ என்று வகைப்படுத்துகிறார்கள். இந்த நிலை உள்ளவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குக் காது இரைச்சலும் உண்டு என்பது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் காணப்பட்டுள்ளது. கோளாறு கண்விழியில் இல்லை, வருகிற சைகைகளை வடிகட்ட வேண்டிய மூளையின் வேலையில் இருக்கிறது என்பதே இன்றைய பரவலான கருத்து. மூளையின் பின்புறத்தில் காட்சியைக் கையாளும் ஒரு பகுதி வழக்கத்தைவிட மிகுதியாக இயங்குவதை 2014-இல் வெளியான ஓர் ஆய்வு ஸ்கேன் மூலம் காட்டியது. ஒற்றைத் தலைவலி உள்ளவர்களிடம் இது அதிகம் காணப்படுகிறது.

ஆகவே இரண்டையும் சேர்த்துச் சொல்லாமல் விடுவதே பெருந்தவறு. கண் மருத்துவரிடம் காது இரைச்சலைப் பற்றிப் பேசுவதற்கு நமக்குக் கூச்சம். ‘இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்’ என்று கேட்டுவிடுவாரோ என்ற தயக்கம். நானும் காது, மூக்கு, தொண்டை மருத்துவரிடம் இரைச்சலை மட்டும் சொல்லி, ‘நரம்புத் தளர்ச்சி’ என்ற ஒரே விளக்கத்துடன் இரண்டு ஆண்டுகள் வைட்டமின் மாத்திரை விழுங்கியவன்தான். எது முதலில் வந்தது, ஒரு காதிலா இரு காதிலுமா, ஒரு கண்ணை மூடினால் புள்ளி மறைகிறதா, தலைவலி உண்டா, என்னென்ன மாத்திரைகள் எடுத்துக்கொள்கிறீர்கள் என்பதையெல்லாம் அரைத்தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். வெளிநோயாளர் பிரிவில் நமக்குக் கிடைக்கும் மூன்று நிமிடத்தில் நினைவை நம்புவதைவிட அந்தத் தாளை நம்பலாம். கண்பாவையை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு விழித்திரையையும் பார்வை நரம்பையும் பார்ப்பது, பார்வைப் புலப் பரிசோதனை, கேள்திறன் பரிசோதனை ஆகிய மூன்றும் அடிப்படையானவை. சொட்டு மருந்து விட்ட பின் சில மணி நேரம் கண் கூசி மங்கும் என்பதால், அன்றைக்கு வண்டி ஓட்ட ஓர் ஆளைக் கூட்டிச் செல்வது நல்லது.

இதற்கு நேர்மாறான தவறு இன்னும் ஆபத்தானது. கைப்பேசியில் தேடி ‘விஷுவல் ஸ்னோ’ என்ற பெயரைக் கண்டுபிடித்த மறுகணமே, நமக்கு வந்திருப்பது அதுதான் என்று முடிவுகட்டி, மருத்துவரிடமே போகாமல் இருந்துவிடுவதைச் சொல்கிறேன். கண்ணையும் காதையும் ஒருசேரத் தொடும் நோய்கள் வேறும் இருக்கின்றன. அவற்றுள் சில, காலம் கடந்தால் பார்வையையே பறித்துவிடும். இரைச்சல் வண்டின் ரீங்காரமாக இல்லாமல் நாடித்துடிப்போடு சேர்ந்து ‘புஸ், புஸ்’ என்று அடித்து, குனிந்து நிமிரும்போது சில விநாடிகள் பார்வை இருண்டு மீள்கிறது, தலைவலியும் கூடவே இருக்கிறது என்றால், மண்டையோட்டுக்குள் நீரழுத்தம் கூடியிருக்கக்கூடும். உடல் எடை கூடிய இளம்பெண்களிடம் இது அதிகம். முகப்பருவுக்காகத் தரப்படும் டாக்ஸிசைக்ளின், மினோசைக்ளின், ஐசோட்ரெடினாயின் போன்ற மருந்துகளும் இதைத் தூண்டுவதுண்டு. பார்வை நரம்பு வீங்கியிருப்பதைக் கண் மருத்துவர் உட்கண் பரிசோதனையிலேயே கண்டுகொள்வார். நேரத்தில் கண்டால் மருந்தும் எடைக் குறைப்பும் பெரும்பாலும் கைகொடுக்கும், விட்டுவிட்டால் பார்வை நிலையாகவே போய்விடலாம். ‘பொண்ணு படிப்புக்கு பயந்துகிட்டு தலைவலின்னு சொல்லுது’ என்று தள்ளிவைக்கப்படும் பிள்ளைகளை நினைத்துத்தான் இந்தப் பத்தியை இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

நெடுஞ்சாலை ஓரம் வாழும் நமக்கு இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். இருசக்கர வாகன விபத்தில் தலையில் அடிபட்டவருக்குச் சில நாட்களிலோ வாரங்களிலோ ஒரு கண் சிவந்து முன்தள்ளி, பொருள்கள் இரண்டிரண்டாகத் தெரிந்து, தலைக்குள் காற்று ஊதுவதுபோல் துடிப்போடு இரைச்சல் கேட்டால், அது மெட்ராஸ் ஐ அன்று. கண்ணுக்குப் பின்னால் தமனியும் சிரையும் தவறாக இணைந்துகொண்டதன் அறிகுறியாக இருக்கலாம். தலைவலி, காது இரைச்சல் இவற்றோடு இரு கண்களும் சிவந்து வலித்து மங்கினால் கண்ணின் நடுப்படல அழற்சி இருக்கலாம். இந்தியர்களிடம் இது அவ்வளவு அரிதும் அன்று. திடீரென்று பூச்சிகள் கூட்டமாகப் பறப்பதும், ஓரத்தில் மின்னல் வெட்டுவதும், திரை இறங்குவதுபோல் ஒரு பக்கம் மறைவதும் விழித்திரை பிரிவதன் அறிகுறிகள். ஒரே காது திடீரென்று கேட்காமல் போவதும் அவசரமே; ஸ்டீராய்டு சிகிச்சை முதல் சில நாட்களுக்குள் தொடங்கினால்தான் பலன் அதிகம். இவற்றில் எதற்கும் ‘அடுத்த செவ்வாய்க்கிழமை போவோம்’ என்று தள்ளிப்போடக் கூடாது.

மருந்துகளைப் பொறுத்தவரை நாம் இரண்டு வகையாகத் தவறுகிறோம். காசநோய்க்கு இந்தியாவில் தரப்படும் வழக்கமான ஆறு மாத சிகிச்சை முழுவதிலும் எத்தாம்புடால் உண்டு. அது பார்வை நரம்பைப் பாதிக்கக்கூடியது, சிவப்பு பச்சை நிறங்கள் மங்குவது அதன் முன்னறிவிப்பு. அமிக்கசின், ஸ்ட்ரெப்டோமைசின் ஊசிகள் காதைப் பாதிக்கக்கூடியவை. மூட்டுவாதத்துக்கு எடுக்கும் ஹைட்ராக்சிகுளோரோகுயின் பல ஆண்டுகள் தொடர்ந்தால் விழித்திரையைத் தொடும். மிகுந்த அளவில் ஆஸ்பிரின் எடுத்தாலே காது இரையும். இவற்றைத் தெரியாமல் இருப்பது ஒரு தவறு. தெரிந்துகொண்ட வேகத்தில் எல்லா மாத்திரைகளையும் தாமாகவே நிறுத்திவிடுவது அதைவிடப் பெரிய தவறு. பார்வை மங்கிய அன்றே மாத்திரை அட்டையுடன் மருத்துவரிடம் செல்ல வேண்டும். எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை அவர் சொல்லட்டும்.

இரத்த அழுத்தமும் சர்க்கரையும் தெரியாமல் மேற்கொண்டு எதையும் ஆராய்வதில் பொருளில்லை. இவ்விரண்டையும் வீட்டுக்கே வந்து பார்க்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்டதே நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். வீட்டு வாசலுக்கே வந்து பார்க்கிறவர்களிடம் ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று சொல்லி அனுப்புவது நம்மிடம் உள்ள வேடிக்கை.

வீட்டு வைத்தியத்தைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். பூண்டு காய்ச்சிய எண்ணெயைக் காதில் விடுவதும், தாய்ப்பாலையோ தேனையோ கண்ணில் விடுவதும் இந்த இரைச்சலையும் புள்ளிகளையும் தொடவே தொடா. செவிப்பறையில் ஓட்டை இருந்தால் எண்ணெய் சீழில் முடியும். மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு கண்சொட்டு முதலில் சுகம் தரும், மாதக்கணக்கில் விட்டால் கண்ணழுத்த நோயையும் கண்புரையையும் கொண்டுவரும்.

மருத்துவர் பார்த்து, வேறு நோய் இல்லை என்று உறுதியான பின் செய்யும் தவறுகள் வேறு வகை. இவை பார்ப்பதற்குத் தற்காப்பு போலவே இருக்கும். கண் கூசுகிறது என்பதற்காக வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடி அணிவதும், ஜன்னலை மூடி இருட்டில் உட்காருவதும் அவற்றுள் முதன்மையானவை. கண் இருட்டுக்குப் பழகப் பழக, சாதாரண வெளிச்சமும் தாங்க முடியாததாகிறது. வெயிலில் தொப்பியோ கண்ணாடியோ போதும், உள்ளே வந்ததும் கழற்றிவிட வேண்டும். வெளிர்நிறச் சாயக் கண்ணாடிகள் சிலருக்கு இதம் தருகின்றன. காதிலும் இதே கதைதான். இரைச்சல் கேட்கக் கூடாது என்று பஞ்சை அடைத்துக்கொண்டால் வெளியொலி குறைந்து உள்ளொலி பெரிதாகும். நாளடைவில் பாத்திரம் விழும் ஓசையே ஊசியாகக் குத்தும். கிரானைட் அறுக்கும் பட்டறையில் வேலை செய்யும் என் உறவினர் ஒருவர், இயந்திரத்தருகே காதடைப்பான் இல்லாமல் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு, வீடு திரும்பி அமைதியான அறையில் பஞ்சு வைத்துக்கொள்வார். இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். இரவில் மின்விசிறியின் ஓசையோ, மெல்லிய மழையொலியோ, தாழ்ந்த ஒலியில் வானொலியோ அறையில் இருக்கட்டும்; அது இரைச்சலை மூழ்கடிக்க வேண்டியதில்லை, அதன் கூர்மையை மழுக்கினால் போதும்.

தற்காப்பு போலத் தோன்றும் தவறுகளிலேயே மிகவும் நுட்பமானது, ஓயாமல் சோதித்துப் பார்ப்பது. காலையில் எழுந்ததும் சுண்ணாம்பு அடித்த சுவரைப் பார்த்து, ‘நேற்றைவிட இன்று கூடுதலா?’ என்று எண்ணுவது. வானத்தைப் பார்த்துப் பூச்சிகளைக் கணக்கிடுவது. காதைப் பொத்தி இரைச்சலை அளப்பது. நீலவானத்தை உற்றுப் பார்த்தால் நெளிந்தோடும் ஒளிப்பொட்டுகள் எந்த நோயும் இல்லாதவருக்கும் தெரியும். அவை விழித்திரையின் நுண்குழாய்களில் ஓடும் வெள்ளையணுக்களால் தோன்றுபவை. தேடினால் எல்லோர் கண்ணிலும் ஏதோ ஒன்று அகப்படும். மூளை எதை முக்கியம் என்று நினைக்கிறதோ அதைப் பெரிதாக்கிக் காட்டும் இயல்புடையது. தினமும் சோதிப்பது ‘இது முக்கியம்’ என்று அதற்கு நாமே மனுப் போடுவதற்குச் சமம். நான் செய்துகொண்ட ஏற்பாடு, மாதத்தில் ஒரு நாள் மட்டும் நாட்காட்டியில் ஒரு வரி எழுதுவது. முதல் மாதம் கை பரபரத்தது. நான்காம் மாதம் எழுத மறந்தேன்.

உறுதியாகக் குணமாக்குவோம் என்று பணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம். விஷுவல் ஸ்னோவை முற்றாக நீக்கும் மருந்து இதுவரை இல்லை. வலிப்புக்குத் தரப்படும் லாமோட்ரிஜின் சிலருக்கு ஓரளவு பயன்தந்திருக்கிறது, பலருக்குத் தரவில்லை. அரிதாகக் கடுமையான தோல் ஒவ்வாமையை உண்டாக்கும் என்பதால், நரம்பியல் மருத்துவரின் மேற்பார்வையில்லாமல் தொடவே கூடாது. காது இரைச்சலைப் பொறுத்தவரை, அதனால் வரும் துயரைக் குறைப்பதில் நல்ல சான்றுள்ளது, பேச்சின் வழியே தரப்படும் மனநடத்தைச் சிகிச்சை. கேள்திறன் குறைந்திருந்தால் காதுக் கருவியும் உதவும். மனநலப் பிரிவுக்கு அனுப்பினால் ‘என்னைப் பைத்தியம் என்கிறார்களா’ என்று எழுந்து வந்துவிடுவது, நான் நேரில் கண்ட தவறு. புள்ளிகள் கற்பனை என்பதற்காக அங்கே அனுப்புவதில்லை. பதற்றமும் தூக்கக் கெடுதியும் அவற்றைக் கூர்மையாக்குவதால்தான் அனுப்புகிறார்கள். வெளியே சொல்லக் கூசுகிறவர்கள் 14416 என்ற ‘டெலிமானஸ்’ அரசு மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். நரம்பியல் கருத்து வேண்டுமென்றால் நம் பகுதியினர் பலரும் பெங்களூரு நிம்ஹான்ஸுக்குச் செல்கிறார்கள். அது ஓசூர் சாலையிலேயே இருக்கிறது. பழைய ஸ்கேன் படங்களை எடுத்துச் செல்லுங்கள். அவற்றை வீட்டில் விட்டுவிட்டுப் புதிதாக ஒன்று எடுத்துக்கொள்வது பணத்துக்கு வந்த கேடு.

இரவில் வண்டி ஓட்டுவதைக் கடைசியாக வைத்திருக்கிறேன், ஏனென்றால் இதை ஒப்புக்கொள்ளத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. இருட்டில் புள்ளிகள் அடர்கின்றன; எதிரே வரும் லாரியின் விளக்கு கடந்து சென்ற பின்னும் அதன் உருவம் சில விநாடிகள் சாலைமேல் நிற்கிறது. தொப்பூர் கணவாயின் இறக்கத்தில் சில விநாடி என்பது நீண்ட தூரம். பகலில் தெளிவாகத் தெரிகிறது, கண் பரிசோதனையும் சரியாக இருக்கிறது என்பதால் இரவுக்கும் அதே பார்வை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சேலத்துக்குப் போக வேண்டியிருந்தால் இப்போது நான் காலை ஏழு மணிப் பேருந்தில், சூரியன் படாத பக்கத்து ஜன்னலோரமாக இடம் பிடித்து உட்கார்ந்துகொள்கிறேன். மரங்களினூடே வெயில் வெட்டி வெட்டி விழுவதும் கண்ணுக்கு ஒத்துக்கொள்வதில்லை.