ஏசி அறைக்கு மேல் சிலாப் கூரை: சீலிங் வியர்க்க வைக்கும் பிழைகள்

சிலாப் வெக்கை தாங்காமல் சீலிங்குக்கு மேல் கிளாஸ் வூல் விரித்து ஏசியும் பூட்டிய அறைகளில், கொஞ்சக் காலத்தில் சீலிங் பலகையில் கறுப்புப் புள்ளி விழுவதுண்டு. ஒழுக்கு என்று நினைத்து மேலே வாட்டர்புறூவ் பூசுவார்கள், புள்ளி போகாது. வெளிக்காற்று 30 பாகை, ஈரப்பதன் 80 வீதம் என்றால் அதன் பனிபடுநிலை (காற்றிலுள்ள ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) 26 பாகைக்குச் சற்று மேல். ஏசியை 22இல் வைத்தால் சீலிங் பலகையும் அதையொட்டிக் குளிர்ந்துவிடும். வெளிக்காற்று அதைத் தொட்டால் தண்ணீர்தான்.

பெரிய பிழை, ஆவித்தடுப்பை (நீராவி ஊடுருவாமல் மறிக்கும் பொலித்தீன் போன்ற படலம்) உட்பக்கம் போடுவது. கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் சொந்தக்காரர் அனுப்பும் வரைபடத்தில் பொலித்தீன் அறைப் பக்கமாக இருக்கும். அந்த நாட்டுக்கு அது சரி: குளிர்காலத்தில் வீட்டுக்குள் சூடும் ஈரமும், வெளியே குளிர். ஈரம் உள்ளிருந்து வெளியே தள்ளும். ஏசி ஓடும் யாழ்ப்பாண வீட்டில் எல்லாம் தலைகீழ். வெயில் சிலாப்பைச் சுடச்சுட, அதில் ஊறிய தண்ணீர் ஆவியாகிக் கீழே இறங்கும். அறைப் பக்கத்துப் பொலித்தீனிலோ அலுமினியத் தாளிலோ முட்டிப் படியும். இங்கே தடுப்பு மேலே, வெப்பக் காவலிக்கு (கிளாஸ் வூல் போல வெக்கையை மறிக்கும் பொருள்) வெளிப்பக்கம் இருக்கவேண்டும். உள்ளே சாதாரண எமல்சன் போதும். எனாமலும் வினைல் தாளும் வேண்டாம்.

“காற்றுப் போனால் காயும்” என்று சீலிங் இடைவெளிக்கு கிறில் விடுவதும் கூடாது. ஏசி அறைக்கு மேல் அது ஈரக்காற்றை அழைத்து வரும் வழி. மூடிய கூரை என்றால் முழுக்க மூடவேண்டும்: சுவரும் சிலாப்பும் சேரும் இடம், வயர் குழாய், ஏசிக் குழாய்த் துளை எல்லாம்.

கூடுமானவரை காவலியைச் சிலாப்புக்கு மேலேயே போடுங்கள். பத்தடிக்கு ஒன்றரை அங்குலச் சரிவு, அதன்மேல் வாட்டர்புறூவ் படலம் (கைப்பிடிச்சுவரில், கல் போட்டு முடித்த மட்டத்துக்கு மேல் 6 அங்குலம் ஏறவேண்டும்), பிறகு 50 மில்லிமீற்றர் எக்ஸ்பிஎஸ் (தண்ணீர் அதிகம் உறிஞ்சாத இறுக்கமான நுரைப் பலகை), நீர் வடியும் துணி, கடைசியில் கல் அல்லது தளக்கல். விலை குறைவு என்று றெஜிபோம் (வெள்ளை மணி நுரை) வாங்கினால் அது தண்ணீர் குடிக்கும். பலகைக்கு மேல் பொலித்தீன் விரித்தால் கீழே போன ஈரம் வெளியேறாது. பாரம் வைக்காவிட்டால் கார்த்திகை மழையில் பலகை மிதக்கும். ஆனால் 50 மில்லிமீற்றர் தடிப்பில் பரப்பிய கல் சதுர மீற்றருக்குக் கிட்டத்தட்ட 80 கிலோ. பழைய சிலாப் என்றால் முதலில் பொறியியலாளரிடம் காட்டுங்கள்.

மேலே போட வழியில்லாவிட்டால், மூடிய கல அமைப்புள்ள (எக்ஸ்பிஎஸ் போல, நுரையின் துளைகள் ஒன்றோடொன்று திறக்காத) பலகையைச் சிலாப்பின் அடியில் முழுப்பரப்புப் பசையால் இடைவெளியின்றி ஒட்டி, பொருத்துகளை ரேப்பால் மூடலாம். மேலே வாட்டர்புறூவ் நல்ல நிலையில் இருந்தால் மட்டும்.

ஈரச் சிலாப்பை மூடினால் மேற்சொன்ன எதுவும் உதவாது. ஒன்றரை அடிச் சதுரப் பொலித்தீனை நாலு பக்கமும் ரேப்பால் ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விடுங்கள். அடியில் நீர்த்துளியோ கொங்கிறீற் கறுத்தோ இருந்தால் பொறுக்கவேண்டும். ஐப்பசி மழைக்கு முன் முடிக்கிற அவசரத்தில் புரட்டாதியில் தொடங்குவதைவிட ஆனி, ஆடியில் தொடங்குவது நல்லது.

சீலிங்குக்குள் ஓடும் குளிர்ந்த ஏசிச் செப்புக் குழாயிலும் தண்ணீர் படியும் என்பதால், அதன் கறுப்பு உறை எங்கும் விலகியிருக்கக் கூடாது. வளைவுகளில்தான் அது முதலில் விலகும்.