சுகாதாரக் கல்வித் திட்டம் தொடங்கும் முன்: சமூகத்தின் தேவையையும் ஆற்றலையும் மதிப்பிடும் முறை

சுகாதாரக் கல்வித் திட்டங்கள் பலவற்றில் துண்டறிக்கை முதலில் அச்சாகிவிடுகிறது. அது யாருக்கு, எதற்கு என்ற கேள்வி பிறகுதான் எழுகிறது. இந்த வரிசையை மாற்றுவதற்கே மதிப்பீடு தேவைப்படுகிறது. ஒரு சமூகத்தின் உடல்நலம் இப்போது இருக்கும் நிலைக்கும் இருக்க வேண்டிய நிலைக்கும் நடுவே உள்ள இடைவெளியைத் தேவை என்கிறோம். அந்த இடைவெளியைக் குறைக்க அம்மக்களிடமே இருக்கும் அறிவு, உறவுகள், அமைப்புகள், இடங்கள் ஆகியவற்றை ஆற்றல் என்கிறோம். இவ்விரண்டையும் ஒரே குழு ஒரே சமயத்தில் ஆராய்வது நல்லது. தேவையை மட்டும் பட்டியலிடும் அறிக்கை, மக்களைக் குறைகளின் தொகுப்பாகவே காட்டிவிடும்.

முதலில் 'சமூகம்' என்று யாரைச் சொல்கிறோம் என்பதை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அது ஓர் ஊராகவோ, ஒரு தொழிலாளர் குழுவாகவோ, ஒரு வயதினராகவோ, ஒரே நோயுடன் வாழ்பவர்களாகவோ இருக்கலாம். எல்லை தெளிவாக இல்லாவிட்டால், பின்னர் திரட்டும் எந்த எண்ணுக்கும் பொருள் இருக்காது.

தேவை என்பது ஒரே வகையானதன்று. பிரிட்டனின் சமூகக் கொள்கை அறிஞர் ஜோனதன் பிராட்ஷா 1972இல் அதை நான்காகப் பிரித்தார். வல்லுநர்கள் ஓர் அளவுகோலை வைத்துத் தீர்மானிக்கும் தேவை, மக்கள் தாமே உணரும் தேவை, மருத்துவமனைக்கு வந்தோ மனு கொடுத்தோ அவர்கள் வெளிப்படுத்தும் தேவை, ஒத்த நிலையிலுள்ள வேறொரு சமூகத்தோடு ஒப்பிடும்போது புலப்படும் தேவை ஆகியவை அந்த நான்கு. இவை அரிதாகவே ஒன்றோடொன்று பொருந்தும். உயர் இரத்த அழுத்தம்தான் முதன்மைச் சிக்கல் என்று வல்லுநர் சொல்லும் இடத்தில், கொசுக்கடியும் தேங்கிய சாக்கடையும்தான் பெருந்தொல்லை என்று மக்கள் சொல்லக்கூடும். இருவர் சொல்வதும் உண்மைதான். இரத்த அழுத்தம் பெரும்பாலும் அறிகுறி காட்டாத நோய் என்பதால், அது உணரப்படும் தேவையாக இல்லாததில் வியப்பில்லை. ஆனால் மக்கள் சொன்னதைக் காதில் வாங்காமல் தொடங்கும் வகுப்புக்கு இரண்டாவது வாரம் யாரும் வரமாட்டார்கள்.

களத்துக்குப் போகும் முன் ஏற்கெனவே உள்ள பதிவுகளைப் படித்துவிட வேண்டும்: மக்கள்தொகைக் கணக்கு, பிறப்பு இறப்புப் பதிவு, மருத்துவமனைப் பதிவேடு, தடுப்பூசிக் கணக்கு. அங்கே இரண்டு எச்சரிக்கைகள் தேவை. ஒன்று, பதிவேட்டில் இருப்பவர்கள் வந்தவர்கள் மட்டுமே; வராதவர்களைப் பற்றி அது எதுவும் சொல்லாது. மற்றொன்று, எண்ணிக்கையைக் காட்டிலும் விகிதத்தைப் பார்க்க வேண்டும். 3,000 பேர் வாழும் பகுதியில் 60 நோயாளிகளும், 500 பேர் வாழும் பகுதியில் 40 நோயாளிகளும் இருந்தால், பெரிய எண் முதற்பகுதியில் இருந்தாலும் பெரிய சுமை இரண்டாவதில்தான்: அங்கே 8 சதவீதம், முதற்பகுதியில் 2 சதவீதம்.

அடுத்த பணி கேட்பது. பல்லாண்டுகளாக அங்கே வாழ்ந்து பணிபுரியும் செவிலியர், ஆசிரியர், மருந்துக்கடைக்காரர் போன்றோருடன் தனித்தனியாகப் பேசத் தொடங்கலாம். புதிதாக எதுவும் வெளிவராத நிலை வரும்போது நேர்காணல்களை நிறுத்திக்கொள்ளலாம். குழு விவாதத்துக்கு 6 முதல் 10 பேர் போதும். ஒருவர் வழிநடத்த, மற்றொருவர் குறிப்பெடுக்க வேண்டும். மேலாளரையும் தொழிலாளியையும், மாமியாரையும் மருமகளையும் ஒரே வட்டத்தில் உட்கார வைத்தால் ஒருவர் மட்டுமே பேசுவார். குரல் உயர்ந்தவர்களே கூட்டத்தை நடத்திச் செல்லும் இடங்களில், ஆண்ட்ரே டெல்பெக்கும் ஆண்ட்ரூ வான் டி வெனும் 1971இல் முன்வைத்த முறை உதவும். அதன்படி ஒவ்வொருவரும் முதலில் பேசாமல் தம் கருத்தை எழுதுகிறார்கள், பின் முறைவைத்து ஒவ்வொன்றாகச் சொல்கிறார்கள், விளக்கங்கள் முடிந்தபின் தனித்தனியாக வாக்களித்து வரிசைப்படுத்துகிறார்கள். எழுதத் தெரியாதவர்களுக்குப் படம் வரையவோ, உதவியாளரிடம் சொல்லவோ வாய்ப்புத் தர வேண்டும்.

வீடுவீடாகக் கணக்கெடுப்பு தேவைப்பட்டால், உலக சுகாதார நிறுவனம் தடுப்பூசிப் பரவலை அளக்கப் பயன்படுத்திய முறையை முன்மாதிரியாகக் கொள்ளலாம்: 30 தொகுதிகள் (அதாவது தேர்ந்தெடுத்த சிறு வாழிடங்கள்), ஒவ்வொன்றிலும் 7 பேர், ஆக 210 பேர். முழுப்பகுதிக்கும் ஏறத்தாழ 10 சதவீதப் புள்ளிகள் முன்பின் துல்லியத்தில் மதிப்பீடு பெறுவதற்காக அமைந்தது அது. தொகுதிகளை ஒன்றோடொன்று ஒப்பிட அது உதவாது. கேள்விகளின் சொல்லமைப்பும் முக்கியம். "சாப்பிடும் முன் கை கழுவுகிறீர்களா?" என்று கேட்டால் எல்லோரும் 'ஆம்' என்பார்கள், அது மரியாதைப் பதில். கை கழுவும் இடத்தில் தண்ணீரும் சோப்பும் இருக்கின்றனவா என்று கண்ணால் பார்ப்பது அதைவிட நம்பகமானது. யாரிடம் கேட்டாலும், நோக்கத்தைச் சொல்லி ஒப்புதல் பெற்ற பிறகே கேட்க வேண்டும். பதில் சொல்ல மறுப்பவருக்கு எந்தச் சேவையும் குறையக் கூடாது.

இனி மிகவும் கவனம் தேவைப்படும் இடம். கண்டறிந்த சிக்கலைக் கல்வியால் தீர்க்க முடியுமா? லாரன்ஸ் கிரீன் 1970களில் உருவாக்கத் தொடங்கிய திட்டமிடல் மாதிரி, ஒரு பழக்கத்தின் பின்னுள்ள காரணிகளை மூன்றாகப் பிரிக்கிறது. அறிவு, நம்பிக்கை, மனப்பான்மை ஆகியவை ஒருவரை ஒரு செயலை நோக்கி முன்கூட்டியே சாய்த்து வைப்பவை. வசதி, விலை, தொலைவு, திறமை ஆகியவை அச்செயலை இயலச் செய்பவை. குடும்பத்தாரின் பாராட்டு, உடன்பணிபுரிவோரின் கேலி, செய்ததால் கிடைக்கும் பலன் ஆகியவை அதைத் தொடரவோ கைவிடவோ செய்பவை. கர்ப்பிணிகள் பரிசோதனைக்கு வராததற்குக் காரணம் அறியாமை என்றால் வகுப்பு உதவும். பரிசோதனை நடக்கும் நேரத்தில் அவர்களுக்கு வேலையில் விடுப்புக் கிடைப்பதில்லை என்றால், எத்தனை வகுப்பு எடுத்தாலும் அந்த நேரம் மாறப்போவதில்லை. அங்கே பேச வேண்டியது மருத்துவமனையின் வேலைநேரத்தை முடிவு செய்பவரிடம். ஒவ்வொரு சிக்கலுக்கும் எதிரே இந்த மூன்று காரணிகளையும் எழுதிப் பார்த்தால், கல்வித் திட்டமே வேண்டியதில்லை என்ற முடிவுகூடக் கிடைக்கலாம். அதுவும் நல்ல மதிப்பீட்டின் விளைவுதான்.

ஆற்றலை மதிப்பிட, ஜான் கிரெட்ஸ்மனும் ஜான் மெக்நைட்டும் 1993இல் விளக்கிய அணுகுமுறையைப் பின்பற்றலாம். தனிமனிதர்களின் திறமைகள், மக்கள் தாமே சேர்ந்து நடத்தும் சங்கங்கள், பள்ளி, நூலகம், மருத்துவமனை போன்ற நிறுவனங்கள் ஆகியவற்றை ஒரு வரைபடத்தில் குறித்துக்கொண்டே போக வேண்டும். 'உடம்புக்கு முடியவில்லை என்றால் முதலில் யாரிடம் கேட்பீர்கள்?' என்ற கேள்வி, எந்தப் பதவிப் பட்டியலிலும் இல்லாத பெயர்களைக் கொண்டுவரும். அவர்களே பிற்காலத்தில் சிறந்த பயிற்றுநர்களாக அமையக்கூடும். முன்பு நடந்த திட்டங்கள் எப்படி முடிந்தன என்பதையும் கேட்டறிய வேண்டும், ஏனெனில் பாதியில் கைவிடப்பட்ட ஒரு முயற்சி விட்டுச் சென்ற அவநம்பிக்கையும் கணக்கில் சேர வேண்டியதே. சமூகத்தின் ஆயத்த நிலையை ஒன்பது படிகளாக அளக்கும் மாதிரியும் உண்டு. சிக்கல் இருப்பதே உணரப்படாத நிலை அதன் முதற்படி, சமூகமே பொறுப்பேற்று நடத்தும் நிலை இறுதிப்படி. முதற்படியில் நிற்பவர்களிடம் செயல்திட்டத்தை நீட்டுவது வீண்.

திட்டத்தை நடத்தப்போகும் அமைப்பு தன் ஆற்றலையும் அதே கண்டிப்போடு அளக்க வேண்டும். பணியாளர்களுக்கு அம்மக்களின் பேச்சுவழக்கு தெரியுமா, பணம் எத்தனை மாதங்களுக்கு வரும் என்பவை எளிய கேள்விகள். அவற்றைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: பரிசோதனைக்கு வாருங்கள் என்று அழைத்து அவர்கள் வந்துவிட்டால், பரிசோதிக்க ஆளும், நோய் இருந்தால் தர மருந்தும் இருக்கின்றனவா? இல்லையென்றால் அழைப்பைத் தள்ளிவைப்பதே நேர்மை.

கிடைத்த சிக்கல்களை வரிசைப்படுத்த ஜான் ஹான்லனின் முறை பரவலாகப் பயன்படுகிறது. அதன் ஒரு வடிவத்தில் சிக்கலின் அளவுக்கும் கடுமைக்கும் தலையீட்டின் பலனுக்கும் தனித்தனியாக மதிப்பெண் தந்து, கடுமையை இருமடங்காக்கி அளவோடு கூட்டி, வரும் தொகையைப் பலனுக்குரிய மதிப்பெண்ணால் பெருக்குகிறார்கள். பெருக்கல் என்பதால், பலனுக்குச் சுழியம் விழுந்த சிக்கல் எவ்வளவு கடுமையானதாக இருந்தாலும் பட்டியலிலிருந்து விழுந்துவிடும். அதன்பின் அத்தலையீடு பொருத்தமானதா, கட்டுப்படியாகுமா, மக்கள் ஏற்பார்களா, வளம் உள்ளதா, சட்டம் அனுமதிக்கிறதா என்று சரிபார்க்கிறார்கள். இந்த எண்கள் விவாதத்தை ஒழுங்குபடுத்தவே உதவும். விவாதத்துக்கு மாற்றாக மாட்டா.

முடிவுகளை அறிக்கையாக மேலிடத்துக்கு அனுப்பும் முன், தகவல் தந்தவர்களிடமே எளிய மொழியில், தனிநபர் அடையாளம் எதுவும் தெரியாதபடி விளக்கிச் சொல்லித் திருத்தம் கேட்க வேண்டும். 'எங்களை இப்படியா புரிந்துகொண்டீர்கள்?' என்ற கேள்வி அக்கூட்டத்தில் எழுந்தால் வருந்த வேண்டியதில்லை. அச்சிடும் முன்பே கேட்டார்களே. வினாப்பட்டியலை மட்டும் சொல் மாறாமல் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும். திட்டம் ஓராண்டு நடந்தபின் அதே கேள்விகளை அதே சொற்களில் மீண்டும் கேட்டால்தான் முந்தைய நிலையோடு ஒப்பிட முடியும்.