நெகிழ்வு, நெகிழ்ச்சி, நெகிழி: எங்கே தவறுகிறோம்?

அண்மையில் ஒரு வேலைவாய்ப்பு விளம்பரத்தை மெய்ப்புப் பார்க்க நேர்ந்தது. ‘நெகிழ்ச்சியான பணி நேரம்’ என்று அச்சாகியிருந்தது. எழுதியவர் சொல்ல வந்தது புரிகிறது. காலை எட்டு மணிக்கும் வரலாம், பத்து மணிக்கும் வரலாம். ஆனால் படித்தவுடன், அலுவலகத்தில் எல்லோரும் கண்கலங்கி உட்கார்ந்திருப்பது போல் ஒரு காட்சிதான் மனத்தில் வருகிறது. ‘ச்சி’ என்ற இரண்டு எழுத்து செய்த வேலை அது.

‘நெகிழ்’ என்ற வினைக்கு இறுக்கம் விட்டுத் தளர்வது என்பதே அடிப்படைப் பொருள். ‘தொடியொடு தோள்நெகிழ’ என்கிறது 1236ஆம் குறள். பிரிவில் தலைவியின் தோள் மெலிகிறது. கையைப் பிடித்துக்கொண்டிருந்த வளை தானே கழன்று இறங்குகிறது. வளை வளையவும் இல்லை, நீளவும் இல்லை. பிடிப்பு விட்டது, அவ்வளவுதான். இந்தக் காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இன்றைய வழக்கில் மனம் உருகுவதற்கு நெகிழ்ச்சி. விதி, நேரம், திட்டம் ஆகியவை இடம்கொடுப்பதற்கு நெகிழ்வு. ஆகவே ‘நெகிழ்ச்சியான சந்திப்பு’ சரி, ‘நெகிழ்வான பணி நேரம்’ சரி. பொருளியல் மட்டும் விலக்கு. அங்கே ‘தேவை நெகிழ்ச்சி’ என்பது பாடநூல்களில் நிலைபெற்ற கலைச்சொல். விலை மாறும்போது வாங்கும் அளவு எவ்வளவு மாறுகிறது என்பதைக் குறிக்கும். விலை ஏறினாலும் உப்பு வாங்குவதை நாம் அவ்வளவாகக் குறைப்பதில்லை. அதனால் உப்புக்குத் தேவை நெகிழ்ச்சி மிகக் குறைவு. இதைத் திருத்தப் போக வேண்டாம்.

அதிகம் நடக்கும் தவறு ரப்பரிடம். ரப்பர் வளையத்தை இழுத்து விட்டால் பழைய அளவுக்குத் திரும்புகிறது. அந்தத் திரும்புதலுக்கு மீட்சி என்று பெயர். இலங்கைப் பாடநூல்களில் மீள்தன்மை. இதை நெகிழ்ச்சி என்று எழுதினால் இயற்பியல் ஆசிரியர் மதிப்பெண்ணைக் குறைப்பார், குறைக்கவும் வேண்டும். பிசைந்த களிமண்ணில் கட்டைவிரலை அழுத்திப் பாருங்கள். விரலை எடுத்த பிறகும் ரேகை முதற்கொண்டு பள்ளம் அப்படியே நிற்கும். மண் இடம்கொடுத்தது, திரும்பவில்லை. நெகிழ்வு என்ற சொல் பொருந்துகிற இடம் இதுதான்.

பிளாஸ்டிக்கை நெகிழி என்று அழைப்பதற்கும் அதுவே காரணம். ‘வாளி விறைப்பாகத்தானே இருக்கிறது, அது எப்படி நெகிழி?’ என்று கேட்பவர்கள் உண்டு. செய்யும்போது சூட்டில் இளகி அச்சின் உருவத்தை ஏற்றுக்கொண்ட பொருள் என்பதால் அந்தப் பெயர். கைக்கு வந்த பின் வளைய வேண்டும் என்பதில்லை. ‘ஞெகிழி’ என்று எழுதினால் இன்னும் பழந்தமிழாகிவிடும் என்று சிலர் நினைக்கிறார்கள். பழைய நூல்களில் அந்தச் சொல்லுக்குக் கொள்ளிக்கட்டை என்ற பொருள் இருக்கிறது. நெகிழி என்பதே போதும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் நெகிழிப் பொருள்களுக்குத் தடை வந்த பிறகு இந்தச் சொல் ஊரெங்கும் பலகைகளில் ஏறிவிட்டது. பல பலகைகளில் ஒற்று மட்டும் ஏறவில்லை. ‘நெகிழி பை’, ‘நெகிழி கழிவு’ என்று எழுதாமல் நெகிழிப் பை, நெகிழிக் கழிவு என்று எழுதுங்கள்.

‘விதிகளை நெகிழ்ந்தார்கள்’ என்பதும் பிழை. விதி தானே நெகிழும். நாம் அதை நெகிழ்த்துகிறோம், அல்லது தளர்த்துகிறோம். 2020இல் ஊரடங்குக்குத் ‘தளர்வு’ என்ற சொல்லே நின்றது. எனக்கும் அங்கே அதுதான் பிடித்தது.

என்னை உண்மையில் வருத்துவது வேறு. வளைகிற, மாறுகிற எல்லாவற்றுக்கும் ‘நெகிழ்வுத்தன்மை’ என்ற ஒரே முத்திரையைக் குத்திவிடுகிறோம். மூங்கில் வளையும். கொடி துவளும். வெல்லப்பாகு இளகும். சோறு குழையும். ஒவ்வொன்றுக்கும் தனிச்சொல் வைத்திருக்கிற மொழி இது. மனிதரைப் பற்றி எழுதும்போது இழப்பு இன்னும் பெரிது. ‘நெகிழ்வுத்தன்மை வாய்ந்த அணுகுமுறையைக் கடைப்பிடிக்கவும்’ என்று சுற்றறிக்கை சொல்கிறது. ‘கொஞ்சம் நீக்குப்போக்காக நடந்துகொள்’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். எதில் விடாப்பிடியாக நிற்பது, எதில் விட்டுக்கொடுப்பது என்று ஆள் அறிந்து, நேரம் அறிந்து நடக்கும் பக்குவம் முழுவதும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது. நாளுக்கொரு பேச்சு பேசுகிறவரை ‘நெகிழ்வானவர்’ என்று எழுதாதீர்கள். அவர் நிலையற்றவர்.