6/6 என்றதும் திரும்பி வந்துவிடாதீர்கள்: பரம்பரை விழித்திரை நோயில் நடக்கும் தவறுகள்

பாலக்கோடு பக்கம் ஒரு பையன் பொழுது சாய்ந்ததும் மாட்டைப் பிடித்துக் கட்டப் போய், தாம்புக்கயிற்றில் தடுக்கி விழுகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். "எங்கடா பார்த்து நடக்கறே" என்று வீட்டில் திட்டு விழும். கண் முகாமுக்குக் கூட்டிப் போனால் அட்டையின் கடைசி வரி வரை கடகடவென்று படித்துவிடுவான். 6/6, கண்ணில் கோளாறு இல்லை என்று வீடு திரும்புவார்கள். பரம்பரை விழித்திரை நோயில் பல வருடங்கள் வீணாவது இங்கேதான்.

எழுத்து அட்டை நட்டநடுப் பார்வையை மட்டுமே அளக்கும். கண்ணின் உள்பக்கம் ஒளியை உணரும் படலமான விழித்திரையில் சுமார் 12 கோடி குச்சி செல்களும், சுமார் 60 லட்சம் கூம்பு செல்களும் உண்டு. மங்கல் வெளிச்சத்துக்கும் ஓரப்பார்வைக்கும் குச்சிகள். படிக்கவும் நிறம் பிரிக்கவும் கூம்புகள். இந்த நோய்களில் அதிகம் காணப்படுவது ஆர்.பி. எனப்படும் ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா, உலக அளவில் ஏறக்குறைய 4,000 பேரில் ஒருவருக்கு. இதில் முதலில் சாவது குச்சிகள். அதனால் இருட்டுப் பார்வை முதலில் போகும். அடுத்து நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையே வளையமாகப் பார்வை அழியும். அந்த வளையம் இரு பக்கமும் விரிந்து, குழாய் வழியாகப் பார்ப்பது போல் ஒரு சிறு வட்டம் மிஞ்சும். நடுப்பார்வை பெரும்பாலும் கடைசியில்தான் போகும்.

அழிந்த இடம் கறுப்பாகத் தெரியாது. மூளை அதை நிரப்பிக் காட்டிவிடும். ஆகவே "ஓரம் தெரியுதா?" என்று நோயாளியையே கேட்பதில் பயன் குறைவு. தியேட்டருக்குள் நுழைந்தால் இருக்கையைத் தேடித் தடவுகிறாரா, கரண்ட் போனால் மற்றவர்களைவிட அதிகம் திணறுகிறாரா, கீழே விழுந்த சாவியை எடுக்க நெடுநேரம் ஆகிறதா, பக்கத்தில் வந்து நிற்பவரைக் கவனிக்காமல் மோதுகிறாரா என்று கேளுங்கள். மூன்றடி தள்ளி எதிரே உட்கார்ந்து, பக்கவாட்டிலிருந்து விரலைக் கொண்டுவந்து சோதிக்கலாம். ஆனால் வளைய வடிவ இழப்பு அதில் தப்பிவிடும். விரல் தெரிந்தது என்பதால் நோய் இல்லை என்றாகாது.

ஆஸ்பத்திரியிலும் இப்படி ஒரு ஓட்டை உண்டு. பார்வை எவ்வளவு அகலம் என்று அளக்க வழக்கமாக எடுக்கும் 24-2 எனப்படும் ஃபீல்டு டெஸ்ட் நடுவிலிருந்து 24 பாகை (டிகிரி) வரைதான் பார்க்கும். தொடக்க கால வளையம் அதற்கு வெளியே இருக்கலாம். விழித்திரையில் கறுப்புப் புள்ளிகள் விழும் முன்பே நோய் தொடங்கியிருக்கலாம். சந்தேகம் தீராவிட்டால், ஒளி பட்டதும் விழித்திரையில் எழும் மின் அலையை அளக்கும் ஈ.ஆர்.ஜி. எடுக்க வேண்டும், அதற்கு முன் 20 நிமிடம் இருட்டில் உட்கார வைப்பார்கள். சொட்டு விட்டுக் கண்மணியை விரித்தபின் சில மணி நேரம் கண் கூசும், துணைக்கு ஆள் வேண்டும். பெங்களூரு போய்விட்டுத் தானே பைக் ஓட்டி ஓசூர் திரும்பும் யோசனை வேண்டாம்.

மாலைக்கண் என்றால் முருங்கைக்கீரை, பப்பாளி என்று நிறுத்திக்கொள்வது அடுத்த தவறு. வைட்டமின் ஏ குறைவால் வந்த மாலைக்கண், உரிய அளவில் வைட்டமின் கொடுத்தால் பெரும்பாலும் சில நாளிலோ சில வாரத்திலோ மாறும். மாறாவிட்டால் விழித்திரையைப் பார்த்தே ஆக வேண்டும். கீரை சாப்பிடுவதில் கெடுதல் இல்லை. மருந்துக்கடையில் வைட்டமின் ஏ மாத்திரை வாங்கி நாமே விழுங்குவதுதான் ஆபத்து: ஸ்டார்கார்ட் என்ற இன்னொரு பரம்பரை விழித்திரை நோயில் அது விழித்திரையில் கழிவைச் சேர்க்கக்கூடும், கர்ப்பிணிக்கு அதிக அளவு போனால் சிசுவைப் பாதிக்கும்.

அந்த ஸ்டார்கார்டில் வரிசையே தலைகீழ். நடுப்பார்வை முதலில் போகும். பிள்ளை ஓடியாடி விளையாடும், கரும்பலகை மட்டும் தெரியாது. "நடிக்கிறான்" என்று அடி வாங்குவது பெரும்பாலும் இந்தப் பிள்ளைகள்தான்.

எல்லாவற்றிலும் வருத்தம் தருவது ஒன்று. ஆர்.பி. என்று தெரிந்தபின் பார்வை குறைந்தால் "நோய் முத்திருச்சு" என்று ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் விடுவது. ஆர்.பி. மெதுவாக, வருடக்கணக்கில் நகரும் நோய். சில வாரத்தில் எழுத்து மங்கினால் வேறு காரணத்தைத் தேட வேண்டும். விழித்திரை நடுவில் நீர் கோத்திருக்கலாம். விழித்திரையின் அடுக்குகளைப் படம் பிடிக்கும் ஓ.சி.டி. ஸ்கேனில் தெரிந்துவிடும், சொட்டு மருந்திலோ மாத்திரையிலோ பலருக்கு வற்றும். எதிர் வண்டி வெளிச்சம் முன்பைவிடக் கூசினால் கண்புரையாக இருக்கலாம், ஆர்.பி. உள்ளவர்களுக்கு இளம் வயதிலேயே வரும். அறுவை சிகிச்சையில் மங்கலும் கூச்சமும் குறையும், போன ஓரப்பார்வை வராது. இதை முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டால் பின்னால் மருத்துவரோடு சண்டை வராது.

"எங்க வம்சத்துல யாருக்கும் இல்லையே" என்பதும் ஆறுதல் அல்ல. தாய், தகப்பன் இருவரும் நோயில்லாமல் ஒரே பழுதான மரபணுவைச் சுமந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் 25 சதவீத வாய்ப்பு. அக்கா மகளைக் கட்டுவதும் அத்தை மகனைக் கட்டுவதும் சகஜமான நம் பக்கத்தில் இது கூடுதலாகக் கவனிக்க வேண்டியது. உடன்பிறந்தவர்களையும் சோதியுங்கள். காது மந்தமா, பிறக்கும்போது ஆறு விரல் இருந்ததா என்று மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். அவை கண்ணோடு வேறு உறுப்புகளையும் பாதிக்கும் நோய்க்கூட்டங்களின் அடையாளமாக இருக்கலாம்.

ஸ்டெம் செல் ஊசி போட்டால் பார்வை திரும்பும் என்று லட்சக்கணக்கில் கேட்கும் இடங்களை நம்பி நிலத்தை அடகு வைக்காதீர்கள். 2017 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மரபணு சிகிச்சை, ஆர்.பி.இ.65 என்ற ஒரே மரபணுவின் இரு பிரதிகளும் பழுதானவர்களுக்கு மட்டுமே. அதற்கும் உயிருள்ள செல் மிச்சம் இருக்க வேண்டும். மரபணுப் பரிசோதனை முடிவு கையில் இல்லாமல் எந்த மரபணு சிகிச்சையையும் பேசத் தொடங்காதீர்கள்.

ஃபீல்டு குறைந்தபின் இருட்டில் டூ வீலர் வேண்டாம். தொப்பூர் கணவாயில் மட்டுமல்ல, ஊர் ரோட்டிலும்தான். வயலில் கைப்பிடிச் சுவர் இல்லாத கிணறு இருந்தால் வேலி கட்டுங்கள்.

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்குப் போகிறவர்கள் எழுத்து அட்டை முடிவை மட்டும் கொண்டுபோய் ஏமாறுகிறார்கள். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பார்வைப் புலம் (ஃபீல்டு) 40 பாகைக்குக் குறைந்தால் குறைபார்வை, 10 பாகைக்குக் குறைந்தால் பார்வையின்மை. நடுப்பார்வை 6/6 இருந்தாலும் இது பொருந்தும். கையை நீட்டி முஷ்டியைப் பிடித்தால் அதன் அகலம் சுமார் 10 பாகை. இரண்டு கண்ணுக்கும் அண்மையில் எடுத்த ஃபீல்டு டெஸ்ட் அச்சுப்பிரதி, ஈ.ஆர்.ஜி. எடுத்திருந்தால் அது, ஆதார், புகைப்படம் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும். மருத்துவர் அட்டையை மட்டும் காட்டினால், ஃபீல்டு தாளை எடுத்து மேசையில் வையுங்கள்.