வேகத்தில் திணறும் பழைய மிலிட்டரி லாரி: கோளாறு பெட்ரோலிலா, கரண்டிலா?

என்னிடம் இருப்பது ஜபல்பூரில் தயாரான நிசான் ஒன்-டன் லாரி. ராணுவ ஏலத்தில் வெளியே வந்து, இரண்டு கை மாறி என்னிடம் வந்தது. ஜோங்கா என்ற ராணுவ ஜீப்பில் இருக்கும் அதே 3956 சிசி, ஆறு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின்தான் இதிலும். ஐடிலில் தையல் மிஷின் மாதிரி ஓடும். ஊரைத் தாண்டி 55, 60ஐத் தொட்டதும் திணறும், இழுவை போய்விடும். ஓரங்கட்டி ஐந்து நிமிஷம் நிறுத்தினால் ஒன்றும் நடக்காதது போலக் கிளம்பும். நான்கு மாதத்தில் ஸ்பார்க் தரும் காயில், கன்டென்சர், பாயிண்ட் செட் எல்லாம் மாற்றினேன். கார்பரேட்டரை மூன்று முறை கழற்றிக் கழுவினேன். எதுவுமே தேவைப்பட்டிருக்கவில்லை. இதே கோளாறோடு இருப்பவர்கள் அந்தச் செலவைத் தவிர்க்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

படி 1: எப்படித் திணறுகிறது?

பெட்ரோல் பற்றாமல் திணறும் வண்டி மெல்லச் சோரும். ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க மோசமாகும், காலை எடுத்தால் கொஞ்சம் தெளியும். கரண்ட் கோளாறு என்றால் பட்டென்று வெட்டும், சைலன்சரில் வெடிக்கும், பட்டென்று திரும்பவும் வரும். எல்லா வண்டியும் இவ்வளவு தெளிவாகக் காட்டிக்கொடுக்காது. அதனால் திணறும்போதே சோக்கைப் பாதி இழுத்துப் பாருங்கள். வண்டி தெளிந்து இழுத்தால் பெட்ரோல் குறைவு. இன்னும் மோசமானால் கரண்ட் பக்கம் போங்கள்.

படி 2: நின்றவுடன் முதல் நிமிஷம்

ஐந்து நிமிஷம் ஆறவிட்டால் சூட்டில் செத்த கன்டென்சரும் பிழைத்துக்கொள்ளும், காலியான கார்பரேட்டரும் நிரம்பிவிடும். இரண்டும் ஒரே மாதிரி தெரியும். என் மெக்கானிக் அண்ணன் கன்டென்சர்தான் என்று அடித்துச் சொன்னதற்கும் இதுதான் காரணம். ஆகவே வண்டி ஓய்ந்ததும் எஞ்சினை அணைத்து ஓரங்கட்டி, உடனே பானட்டைத் திறங்கள். ஏர் கிளீனரைக் கழற்றி, கார்பரேட்டர் வாய்க்குள் பார்த்துக்கொண்டே த்ராட்டிலைக் கையால் இழுங்கள். உள்ளே பெட்ரோல் பீய்ச்ச வேண்டும். பீய்ச்சாவிட்டால் கார்பரேட்டரில் பெட்ரோல் தேங்கி நிற்கும் கிண்ணம் காலி. பீய்ச்சியது என்றால் கார்பரேட்டரை மூடிவிட்டு, ஒரு பிளக் ஒயரை ரப்பர் பிடி போட்ட கட்டிங் பிளேயரால் எடுத்து, பிளாக்கிலிருந்து 5 மில்லிமீட்டர் தள்ளிப் பிடித்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீலமாக, சடசடவென்று விழுந்தால் காயிலை விட்டுவிடலாம். பெட்ரோல் லைனைக் கழற்றி வைத்துக்கொண்டு மட்டும் இந்த ஸ்பார்க் சோதனையைச் செய்யவே கூடாது.

கரண்ட்தான் என்றால் பாயிண்ட் இடைவெளி, கன்டென்சர், டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்டின் ஆட்டம், உள்ளே பிளேட்டுக்குப் போகும் சின்ன எர்த் ஒயர் என்ற வரிசையில் பாருங்கள். அந்த எர்த் ஒயர் வெளியே முழுசாகத் தெரிந்தாலும் உறைக்குள் அறுந்திருக்கும்.

என் வண்டியில் கிண்ணம் காலியாக இருந்தது.

படி 3: டேங்க் மூடி

மூடியைத் திறக்கும்போது புஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தால் மூடியின் மூச்சுத் துளை அடைத்திருக்கிறது. மூடியைத் தளர்த்தி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். பலருக்கு இங்கேயே வேலை முடிந்துவிடும்.

படி 4: கேன் சோதனை

நான் தடுமாறியது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். எஞ்சினோடு ஒட்டிய பெட்ரோல் பம்ப் (மெக்கானிக்குகள் ஏ.சி. பம்ப் என்பார்கள்) டேங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி இழுத்து, கார்பரேட்டருக்குத் தள்ளும். தள்ளும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் பெட்ரோல் வெளியே சொட்டும், மூக்குக்கே தெரிந்துவிடும். உறிஞ்சும் பக்கத்தில் ஓட்டை இருந்தால் ஒரு சொட்டுகூட வெளியே வராது. காற்றுதான் உள்ளே போகும். ஐடிலுக்குக் கொஞ்சம் பெட்ரோல் போதும், காற்று கலந்து வந்தாலும் சமாளிக்கும். 60இல் கிண்ணம் நிரம்புவதைவிட வேகமாகக் காலியாகும்.

சேசிஸ் ஓரமாக வரும் இரும்புக் குழாயும் பம்புக்கு முன்னால் உள்ள குட்டி ரப்பர் ஓஸும் சேரும் இடத்தில் கழற்றி, ஓஸின் முனையில் 5 லிட்டர் பெட்ரோல் கேனை இணைத்தேன். கேனை எக்ஸாஸ்டுக்கு எதிர்ப்பக்கம், பானட் உயரத்தில் கட்டினேன். வண்டி 70 வரை சுத்தமாகப் போனது. சரி, டேங்கில்தான் குப்பை என்று முடிவுகட்டி, டேங்கை இறக்கி, இரண்டு நாள் துரு கழுவி ஏற்றினேன். அடுத்த ஓட்டத்தில் அதே திணறல்!

தப்பு கேனின் உயரத்தில். உயரத்தில் இருந்ததால் பெட்ரோல் தானாகவே இறங்கியது, பம்ப் உறிஞ்ச வேண்டிய வேலையே இல்லை. உறிஞ்சாத ஓஸுக்குள் காற்று எப்படிப் போகும்? ஆகவே கேனை டேங்க் மட்டத்துக்குக் கட்டி ஓட்டிப் பாருங்கள். அப்போதும் திணறினால் கோளாறு ஓஸிலோ பம்பிலோ. திணறாமல் போனால் டேங்கையும் இரும்புக் குழாயையும் பாருங்கள்.

அந்த உயரக் கேனையும் நல்லதுக்குப் பயன்படுத்தலாம். முதல் தடவையே ஓஸுக்கு அடியில் ஈரம் பார்த்தேன், இணைக்கும்போது சிந்தியது என்று விட்டுவிட்டேன். இரண்டாம் தடவை எஞ்சினை ஆறவைத்து, கேனை மேலே தூக்கிக் கட்டி, ஓஸைத் துணியால் துடைத்துவிட்டு டார்ச் அடித்தபடி காத்திருந்தேன். கிளிப்புக்கு அடியில் கடுகளவு ஒரு துளி திரண்டது. துடைத்தேன், மறுபடியும் திரண்டது. கிளிப்பைக் கழற்றினால், அது கடித்த தடத்தில் நகக்கீறல் போல ஒரு வெடிப்பு. வெளிப்பக்கம் பார்க்கப் புது ஓஸ் மாதிரிதான் இருந்தது. அறுத்துப் பார்த்தால் உள்சுவர் ஊறி, அல்வா மாதிரி குழைந்திருந்தது. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் இதற்காகச் செய்யப்பட்டதல்ல. ஒரு சாண் ஓஸ், இரண்டு கிளிப், அவ்வளவுதான்.

வாங்கும்போது எத்தனால் தாங்கும் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் ஓஸாகக் கேட்டு வாங்குங்கள். கிளிப்பில் பட்டையில் பல் வெட்டிய ரகம் வேண்டாம், அதுதான் ரப்பரைக் கடிக்கிறது. ஓரம் மழுங்கிய முழுவட்டக் கிளிப் நல்லது. கருவி என்று பார்த்தால் மல்டிமீட்டரைவிட ஒரு கேனும், காற்றுக் குமிழி வருகிறதா என்று பார்க்க உள்ளே தெரியும் ஒரு முழம் பைப்பும் எனக்கு அதிகம் உதவின. கேன் சோதனைக்கு ஆள் துணையும் தீயணைப்பானும் பக்கத்தில் இருக்கட்டும். அதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பின்சேர்க்கை: இதைப் படித்த ஜோங்காக்காரர் ஒருவர் எல்லா ஓஸும் மாற்றியும் திணறுகிறது என்று எழுதினார். உயரக் கேனை டேங்க் பக்கத்து முனையில் இணைத்துப் பார்க்கச் சொன்னேன். சேசிஸில் கிளாம்ப் பிடித்திருந்த இடத்தில் இரும்புக் குழாய் தேய்ந்து ஊசித் துளை விழுந்திருந்தது.

இன்னொருவருக்கு இரவில் மட்டும் திணறல். ஹெட்லைட் போட்டதும் காயிலுக்கு வரும் வோல்ட் விழுந்தது, இக்னிஷன் சுவிட்ச் கருகியிருந்தது. அங்கே மல்டிமீட்டர்தான் பிடித்துக் கொடுத்தது.

அப்புறம், குமிழி பார்க்கப் பம்புக்கு முன்னால் உள்ளே தெரியும் பைப் போட்டவர்கள் அன்றைக்கே கழற்றிவிடுங்கள். சாதாரண பிளாஸ்டிக் பைப் பெட்ரோலில் சில வாரத்திலேயே மஞ்சளாகி, கட்டையாக இறுகி, கிளிப்பிலிருந்து நழுவும்.