மிதிச்சா மினுங்கும் பலகை: நீங்களே செய்யலாம்

பாம்பன்ல விசைப்படகுகளுக்கு எக்கோவும் (சத்தம் அனுப்பி கடலாழம் பார்க்கிற கருவி) வயர்லெஸ் செட்டும் பழுது பார்க்கிறவன் நான். எக்கோவுல சத்தத்தை அனுப்பி வாங்குற டிரான்ஸ்டியூசருக்குள்ள ஒரு பீங்கான் வட்டு இருக்கும். கரண்ட் கொடுத்தா அதிரும். அந்தச் சத்தம் கடலடியில பட்டுத் திரும்பி வந்து அழுத்தினா, அதுவே கரண்ட் கொடுக்கும். அழுத்தினா கரண்ட் வர்ற இந்த 'பீசோ' குணத்தை 1880-ல கியூரி சகோதரர்கள் கண்டுபிடிச்சாங்க. காலடியில மின்சாரம் எடுக்கிறதும் இதை வச்சுத்தான். அறிவியல் கண்காட்சி நெருங்கினா, "அண்ணே, மிதிச்சா கரண்ட் வருமாமே"ன்னு பிள்ளைக கடைக்கு வந்துரும்.

35 மி.மீ. பீசோ வட்டு (பித்தளைத் தகடு, நடுவுல வெள்ளி பூசின பீங்கான்) 12, ஒரு அடிச் சதுர பிளைவுட் ரெண்டு, 4148 டையோடு 12, 100 மைக்ரோஃபாரட் 50 வோல்ட் கெப்பாசிட்டர், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர், சிவப்பு எல்.இ.டி, புஷ் ஸ்விட்ச். இவ்வளவுதான் சாமான்.

வட்டை அப்படியே பலகையில ஒட்டிடாதீங்க. நசுக்கினா வர்றதைவிட வளைச்சாத்தான் அதுல வோல்டேஜ் நல்லா வரும். அதனால கீழ்ப் பலகையில வட்டைவிடக் கொஞ்சம் சின்னதா குழி எடுத்து, பித்தளை விளிம்பு மட்டும் உட்கார்ற மாதிரி ஒட்டுங்க. நடுவுல ஒரு சின்ன அழிரப்பர் துண்டு. மேல் பலகை அந்தத் துண்டுகள்மேல உட்காரணும். நாலு ஓரத்துலயும் வரிசைகளுக்கு நடுவுலயும் மரச்சட்டம் அடிச்சிருங்க; ரப்பர் சட்டத்தைவிட அரை மில்லி உசந்திருந்தாப் போதும். அதுக்குமேல விட்டா, கொஞ்சம் கனமான ஆள் ஏறினதும் 'டிக்'னு சத்தம் கேட்கும். பீங்கான் கீறிருச்சுன்னு அர்த்தம்.

பீங்கான்மேல இருக்கிற வெள்ளிப் பூச்சுல வயரைப் பத்த வைக்கும்போது (சால்டரிங்) ரெண்டு செகண்டுக்குமேல சால்டரிங் அயர்ன் நிக்கக் கூடாது, பூச்சு உரிஞ்சு வந்துரும். எல்லா வட்டுலயும் சிவப்பு வயர் பீங்கானுக்கு, கறுப்பு பித்தளைக்கு. நாலு வட்டு ஒரு வரிசை, வரிசைக்குள்ள பேரலல், அதாவது சிவப்பெல்லாம் ஒண்ணா, கறுப்பெல்லாம் ஒண்ணா. ஒவ்வொரு வரிசைக்கும் தனி பிரிட்ஜ், நாலு டையோடு; முன்னும் பின்னும் வர்ற கரண்டை ஒரே திசைக்குத் திருப்புறது அதுதான். மூணு பிரிட்ஜையும் ஒரே பிரிட்ஜாக்கினா, கால் படாத வரிசை மிதிபட்ட வரிசையோட கரண்டைக் குடிச்சிரும். பிரிட்ஜ் மூணும், கரண்டைச் சேத்து வைக்கிற கெப்பாசிட்டர்ல சேரும். அங்கிருந்து ஸ்விட்ச், ரெசிஸ்டர், எல்.இ.டி.

நம்ம ஊர் உப்புக்காத்துக்கு பித்தளையில சீக்கிரமே பச்சைக் களிம்பு ஏறிரும். பத்த வச்ச இடத்துல எல்லாம் நிறமில்லாத நகப்பூச்சைத் தடவுங்க. வீட்டுல அக்கா தங்கச்சி திட்டுனா நான் பொறுப்பில்ல.

கெப்பாசிட்டர்ல மல்டிமீட்டரை வச்சுக்கிட்டு மிதிங்க. வோல்டேஜ் கொஞ்சம் கொஞ்சமா ஏறும். 10 வோல்ட்டுக்கு ஸ்விட்சை அழுத்தினா எல்.இ.டி ஒரு மினுக்கு மினுங்கும். அப்ப கெப்பாசிட்டர்ல இருந்தது 5 மில்லிஜூல்தான். 60 கிலோ ஆள் மிதிச்சு பலகை முழுசா 5 மி.மீ. இறங்கினாலும் கிடைக்கக்கூடியது 3 ஜூல். நம்ம பலகை இறங்குறது அரை மில்லி, அதுலயும் வட்டுக்குச் சேர்றது சொற்பம். செல்போன் பேட்டரிக்கு 50,000 ஜூலுக்குமேல வேணும். அதனால சார்ட்டுல 'செல்போன் சார்ஜ் ஆகும்'னு எழுதாதீங்க. ராமேஸ்வரம் பிரகாரத்துல பதிச்சா ஊருக்கே லைட் எரியும்னு ஒரு தம்பி கணக்கோட வந்தான். நம்ம மாவட்டத்துலயே கமுதியில 648 மெகாவாட் சோலார் இருக்கு, அதைப் போய்ப் பாருன்னேன்.

ஒரு வரிசை மட்டும் ஏறலைன்னா, ஏதோ ஒரு வட்டுல வயர் மாறியிருக்கும், இல்ல பீங்கான் கீறியிருக்கும். ஒவ்வொண்ணா கழட்டி, மீட்டரை ஏ.சி.-ல வச்சு விரலால தட்டிப் பாருங்க. கீறுன வட்டை உரசவோ உடைக்கவோ வேண்டாம். அந்தப் பீங்கான்ல ஈயம் இருக்கு. கழட்டினதும் கையைக் கழுவிருங்க.