கண்ணின் வெள்ளையை மீட்ட கதை

பாட்டியின் முகத்தை இருட்டறையில் கறுப்பு வெள்ளைப் புகைப்படமாகப் பெரிதாக அச்சிட்டிருந்தேன். நிழலெல்லாம் நன்றாக வந்துவிட்டது. கண்ணின் வெள்ளை மட்டும் சாம்பல் பூத்துக் கிடந்தது. எக்ஸ்போஷரை, அதாவது காகிதத்தில் விழும் ஒளியைக் குறைத்தால் கறுப்பு செத்துவிடும். சரி, அந்த இடத்தை மட்டும் ரசாயனத்தால் வெளுத்து, அதாவது ப்ளீச் பண்ணிப் பார்க்கலாம் என்று பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடை எடுத்தேன்.

முதல் பிரிண்ட் பாழ். கரைசல் அடர் மஞ்சள். தொட்ட இடம் சில விநாடிகளில் வெறும் காகிதமாகிவிட்டது. போதாக்குறைக்கு பிரஷ்ஷின் இரும்புப் பூணில் பட்டு நீலக் கறை வேறு.

அடுத்த முறை மஞ்சள் லேசாகத் தெரிகிற அளவுக்கு நீர்த்தேன். நனைத்த பிரிண்டின் மேல் ஈரத்தை ஒற்றி எடுத்தேன், இல்லாவிட்டால் கரைசல் கன்னத்துக்கு வழியும். குச்சியில் சுற்றிய பஞ்சால் ஒரு தொடுதல், ஐந்து எண்ணுவதற்குள் தண்ணீர், அப்புறம் ஃபிக்சர், அதாவது படத்தை நிலைப்படுத்தும் கரைசல். வெளுப்பு முழுதாகத் தெரிவது ஃபிக்சரில்தான். படத்தின் கறுப்பைத் தரும் வெள்ளி உலோகத்தை ப்ளீச் மாற்றி மட்டும் வைக்கிறது, கரைத்து எடுப்பது ஃபிக்சரில் இருக்கிற ஹைப்போ. அதனால் போதும் என்று தோன்றுவதற்குக் கொஞ்சம் முன்பே நிறுத்தினேன். ஏழெட்டுச் சுற்றில் கண் பளிச்சென்றது.

கடைசியில் புது ஃபிக்சர், நீண்ட கழுவல். இந்தக் கரைசலோடு கடும் அமிலம் மட்டும் சேரவே கூடாது, நச்சு வாயு கிளம்பும்.